இன்பமணி வண்டியின் நத்தை

எங்கள் பள்ளிக்கூடம் இருக்கிற சாம்பலோடைக்கு ஏறுகிற மலைப்பாதையில் ஆத்தாடி வளைவு என்று ஓர் இடம் இருக்கிறது. வனத்துறைக்காரர்கள் அதற்கு ஏதோ எண் போட்டிருக்கிறார்கள். அங்கே வந்ததும் வண்டியில் யாராவது ஒருத்தர் "ஆத்தாடி" என்று சொல்லாமல் இருந்ததில்லை, அதனால் எங்களுக்கு அது ஆத்தாடி வளைவு. நான் அங்கே சொல்வது வேறு. அதை இங்கே எழுத முடியாது.

பின்னே என்ன? இருட்டோடு எழுந்து குளித்து, டவுணில் முதல் பஸ்ஸைப் பிடித்து, சேரன்மாதேவி வரைக்கும் கம்பியைப் பிடித்தபடி தூங்கி, அம்பை என்கிற அம்பாசமுத்திரத்தில் இறங்கி, இன்பமணியக்காவின் வண்டியில் ஏறி அப்பாடா என்று சாய்ந்தால், இந்த வளைவில், "டீச்சர், கொஞ்சம் இறங்கிக்கிடுதியளா?" என்பாள். நானும் விளையாட்டு வாத்தியார் ஜாஸ்பர் சாரும் இறங்குவோம். வண்டி முக்கி முனகி, கறுப்புப் புகையை எங்கள் முகத்தில் விட்டுவிட்டு, வளைவைத் தாண்டிப் போய் மேலே நிற்கும். நாங்கள் நடந்து போய்ச் சேர வேண்டும். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். ஜாஸ்பர் சார் நடக்கும்போதும் பாதித் தூக்கத்தில்தான் இருப்பார். நான் கணக்கு டீச்சர் விஜயஸ்ரீ, அந்த ஏற்றத்தில் செருப்பு அறுத்தே ஓய்ந்துபோனவள்.

முன் இருக்கையில் இருக்கும் தலைமை ஆசிரியை கரோலின் டீச்சர் மட்டும் இறங்க மாட்டார். அவருக்கு முழங்கால் வலி. பின்னால் டிக்கியில் சத்துணவுக்கான அரிசியும் முட்டையும் இருக்கும், அதுவும் இறங்காது. இறங்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

இந்தக் கோபத்தை இன்பமணியக்காவிடம் காட்டலாம் என்றால் மனசு வராது. அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். விக்கிரமசிங்கபுரத்துக்காரி. ஐம்பதை நெருங்குகிறாள். அந்த வெள்ளை டீசல் அம்பாசடர் அவள் வீட்டுக்காரர் ஹெப்ரான் ஓட்டிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டி ஓட்டி அவருக்கு முதுகெலும்பு நழுவிப் படுத்துவிட்டார். வண்டியை விற்றுவிடு என்று ஊரே சொன்னது. இவள் பயிற்சிப் பள்ளியில் போய் உட்கார்ந்து, லைசென்ஸ் எடுத்து, ஹெப்ரானின் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தாள். பன்னிரண்டு வருஷமாயிற்று. காலையில் அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, துடைத்து, சோறு பொங்கி மூடி வைத்துவிட்டு வருவாள். எங்களை மலையில் விட்டுவிட்டுக் கீழே போய் அவருக்குச் சோறு கொடுப்பாள். நடுவில் ஏதாவது சவாரி. சாயங்காலம் மறுபடி மலையேறி எங்களை இறக்க வருவாள். மகள் நர்ஸிங் படிக்கிறாள். இத்தனைக்கும் நிலையான வருமானம் எங்கள் பள்ளிக்கூடச் சவாரி ஒன்றுதான்.

யார் எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்பாள். வண்டியைக் கழுவக் கூடாதா என்றால் ஆகட்டும். நாளைக்குச் சீக்கிரம் வர முடியுமா என்றால் ஆகட்டும். முடியாது என்று ஒரு சொல் தமிழில் இருப்பதே அவளுக்குத் தெரியாதோ என்று எனக்கு எரிச்சலாக வரும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதில் பாதியையாவது அவளுக்குக் கொடுக்க முடிந்தால் தேவலை என்று நினைத்திருக்கிறேன்.

மார்கழியில் ஒரு நாள் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் மலைக்கு வந்துவிட்டார். மணி அடித்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். வாத்தியார் ஒருத்தர்கூட இல்லை. நாங்கள் எங்கே? இரண்டு பேர் ஆத்தாடி வளைவில் நடந்துகொண்டிருந்தோம். ஒருத்தர் அதற்கு மேலே, இஞ்சின் சூடு தணியட்டும் என்று வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் அம்பையில் இறங்கும்போது கரோலின் டீச்சர் சொன்னார்: "இன்பமணி, உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பொங்கல் லீவு முடிஞ்சு வரும்போது இந்த வண்டி நிக்காம ஏறணும். இல்லன்னா ஒரு புது ஜீப்புக்காரர் கேட்டுக்கிட்டே இருக்காரு. அவருக்குச் சரின்னு சொல்லிருவேன்."

"ஆகட்டும் டீச்சர்," என்றாள்.

எதற்கு ஆகட்டும்? வண்டி ஏறுவதற்கா, ஜீப்பு வருவதற்கா? நான் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இதை நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை போன் செய்தாள். "டீச்சர், மேலப்பாளையத்துல காயலாங்கடைக்கு வாரேன். நீங்க டவுண்லதான இருக்கிய. ஒரு எட்டு வந்து ஒரு நம்பரைப் படிச்சுச் சொல்லுவியளா? எனக்குப் பொடி எழுத்து தெரியல." வாரத்தில் எனக்குக் கிடைக்கிற ஒரே தூக்கம் சனிக்கிழமை மத்தியானத் தூக்கம். போனேன். என் தலையெழுத்து.

போகிற வழியில்தான் விஷயத்தைச் சொன்னாள். அம்பையில் அவள் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் மகாராஜன் ஒரு வழி சொல்லியிருக்கிறான். வண்டியில் குறை ஒன்றும் இல்லை, வயசுதான். அதற்கு ஒரு டர்போ மாட்டினால் ஏறிவிடும். புதுசு வாங்குவதை நினைத்துப் பார்க்கவே முடியாது. வேறு வண்டியிலிருந்து கழற்றிய பழசு ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

"டர்போன்னா என்ன செய்யும்?" என்றேன்.

"புகை வெளிய போற வேகத்துல ஒரு சக்கரம் சுத்துமாம். அதே தண்டுல இந்தப் பக்கம் இன்னொரு சக்கரம். அது காத்தை இழுத்து இஞ்சினுக்குள்ள தள்ளுமாம். காத்து கூடுனா டீசலு நல்லா எரியும், வண்டி ஏறும். வீணாப் போற புகையை வச்சே வேலை வாங்குதது டீச்சர்." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது குறைவு.

காயலாங்கடையை நடத்துகிறவர் அலிமா பீவி. உடைத்த பஸ்ஸிலிருந்து கழற்றிய சீட்டு ஒன்றில் வெற்றிலைச் செல்லத்தோடு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் இஞ்சின்களும் கியர் பெட்டிகளும் மலையாகக் குவிந்து கிடந்தன. இன்பமணியக்கா விஷயத்தைச் சொன்னதும், "நத்தையா? லாரி நத்தையா, காரு நத்தையாளா?" என்றார். பாதியாக அறுத்த ஒரு டிரம்மைக் காட்டினார். அதற்குள் டர்போக்கள் கிடந்தன. இரண்டு பக்கமும் சுருண்ட ஓடு வைத்த இரும்பு நத்தைகள். அந்தக் கடையில் யாரும் டர்போ என்று சொல்வதில்லை.

பெரிய நத்தை ஒன்று, எண் பொறித்த தகடோடு பளபளவென்று இருந்தது. இதுவே நல்லா இருக்கே என்றேன். இன்பமணியக்கா தலையாட்டி மறுத்தாள். "அது லாரிக்குள்ளது டீச்சர். நம்ம இஞ்சின் விடுத புகைக்கு அது சுத்த ஆரம்பிக்கதுக்குள்ள வளைவே முடிஞ்சிரும். ரொம்பத் தள்ளுததும் வேண்டாம், பழைய இஞ்சினு தாங்காது. பையத் தள்ளுத சின்ன நத்தையா இருக்கணும். தண்ணிக் குழா இல்லாம எண்ணெய் மட்டும் போறது. கம்ப்யூட்டர் வயரு இல்லாதது."

மகாராஜன் சொல்லிக் கொடுத்ததை அவள் பாடம் மாதிரி ஒப்பித்தபடி ஒவ்வொன்றாக எடுத்தாள். சக்கரத்தை விரலால் சுற்றினாள். நடுத் தண்டைப் பிடித்து ஆட்டினாள். பக்கவாட்டில் துளி ஆடலாம், முன்னும் பின்னும் இழுத்தால் அசையவே கூடாது. சக்கரத்தின் றெக்கை ஓட்டில் உரசியிருந்தால் கீழே போட்டுவிட வேண்டும். ஒன்று ஆடியது. ஒன்றின் றெக்கை நுனி கடித்துப் போட்ட மாதிரி இருந்தது. ஒன்று சுற்றவே இல்லை. அவள் விரல்களெல்லாம் கரியாகிவிட்டன. நான் ஒரு ஸ்டூலில் சேலையை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் ஒன்று கையில் சிக்கியது. சத்தமில்லாமல் சுற்றியது, அசைத்தால் சரியாக நின்றது. ஆனால் தகடு இல்லை. தகடு இருந்த இடத்தில் இரண்டு துளைதான் மிச்சம்.

"எந்த வண்டிலேருந்து வந்தது ராத்தா?" என்றாள் இன்பமணியக்கா.

"எனக்கு எப்படித் தெரியும்? மூட்டையா வந்துச்சு, மூட்டையாக் கெடக்கு," என்றார் அலிமா பீவி. "அந்த ஓட்டு மேல ஏதோ எழுதியிருக்கும் பாரு."

எழுதியிருந்தது. இரும்போடு வார்த்த எழுத்து. எண்ணெயும் கரியும் அப்பி அது எட்டா மூன்றா என்று சொல்ல முடியவில்லை. துடைத்தால் இன்னும் அப்பியது. அப்போதுதான் எனக்கு என் பை ஞாபகம் வந்தது. வெள்ளைச் சாக்பீஸ் இல்லாமல் என் பை என்றைக்கு இருந்திருக்கிறது? துணியால் ஒரு முறை அழுத்தித் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் படுக்கவைத்து எழுத்தின் மேல் தேய்த்தேன். மேடாக இருந்த எழுத்து மட்டும் வெள்ளையாக எழுந்து நின்றது. இன்பமணியக்கா "எம்மா!" என்றாள். மகாராஜனுக்குப் போன் போட்டு எண்ணைப் படித்தேன். சக்கரத்தின் வாயை அளந்து சொல்லச் சொன்னான். பையிலிருந்து ஜியாமெட்ரி பெட்டியின் ஸ்கேலை எடுத்து அளந்து சொன்னேன்.

"டீச்சர், அது ஒண்ணரை லிட்டர் டீசல் காருக்குள்ளது. நம்ம வண்டி அளவுதான். அதையே எடுத்துட்டு வாங்க," என்றான்.

எனக்கே சந்தோஷமாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய் சேலையைப் பார்த்தபோது அந்தச் சந்தோஷமும் போய்விட்டது.

பொங்கல் லீவில் ஒரு நாள் அம்பைக்குப் போய்ப் பார்த்தேன். எதற்காகப் போனேன் என்று கேட்டால் பதில் இல்லை. எண்ணைப் படித்தவள் என்ற உரிமை என்று வைத்துக்கொள்ளுங்கள். மகாராஜன் புலம்பிக்கொண்டே வேலை பார்க்கிற ஆள். "கழுத, ஒண்ணாவது நேராப் பொருந்துதா பாருங்க டீச்சர்," என்றான். இஞ்சினில் புகை வெளியேறுகிற வாயில் இருக்கிற துளைகள் ஒரு விதம், நத்தையின் வாயில் இருக்கிற துளைகள் வேறு விதம். நடுவில் ஒரு தடித்த இரும்புப் பட்டையை வெட்டி, ஒரு பக்கம் அதற்கு, மறுபக்கம் இதற்கு என்று துளை போட்டிருந்தான். நத்தையின் காற்று வாய் வேறு திசையைப் பார்த்தது. அதன் ஓடு இறுகியிருந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, ஓடு மட்டும் வேண்டிய பக்கம் திரும்பும்படி வைத்தான்.

"ஓடு எந்தப் பக்கம் வேணும்னாலும் திரும்பலாம். நடு உடம்பு மட்டும் நட்டுக்குத்தலா நிக்கணும். அடியில இருக்குல்லா, இந்தத் துவாரம், எண்ணெய் இது வழியா நேரா கீழ விழணும். இதுல வளைவு நெளிவு இருந்தா எண்ணெய் தேங்கிப் புகையாத் தள்ளிரும்." இஞ்சின் அடியிலிருந்த எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, எண்ணெய் நிற்கிற மட்டத்துக்கு மேலே ஒரு குழாயை வெல்டிங் வைத்திருந்தான். மேலேயிருந்து எண்ணெய் வர ஒரு மெல்லிய குழாய். காற்று போக ஒரு ரப்பர்க் குழாய். கடைசியாக டீசல் பம்ப்பில் ஒரு திருகைத் துளி திருப்பினான். வேலை முடிய நாலு நாளாயிற்று என்றான். நாலு நாளும் இன்பமணியக்கா சவாரி இல்லாமல், ஹெப்ரானுக்குச் சோறு கொடுத்துவிட்டு வந்து வந்து நின்றிருக்கிறாள்.

வண்டியை ஒப்படைக்கும்போது மகாராஜன் ஒன்று சொன்னான். அவள் கேட்டாள், நானும் கேட்டேன். "யக்கா, இது ஒண்ணை மட்டும் மறந்துராத. மலை ஏறி நின்னதும் சாவியைத் திருப்பி அணைச்சிராத. நத்தை செவசெவன்னு காஞ்சிருக்கும். இஞ்சின் ஓடுனாத்தான் எண்ணெய் ஓடும், எண்ணெய் ஓடுனாத்தான் அது ஆறும். படக்குன்னு நிறுத்துனா எண்ணெய் அங்கனயே நின்னு கருகிரும். ரெண்டு நிமிசம் சும்மா ஓடவிடு. அதுக்கப்புறம் அணை."

"ஆகட்டும்," என்றாள்.

லீவு முடிந்து முதல் நாள். ஆத்தாடி வளைவு வந்தது. ஜாஸ்பர் சார் பழக்கத்தில் கதவைத் திறக்கப் போனார். "இருங்க சார்," என்றாள் இன்பமணியக்கா. ஸ்ஸ் என்று மெல்லிய ஒரு விசில் சத்தம். வண்டி யாரோ பின்னாலிருந்து கை வைத்துத் தள்ளுகிற மாதிரி ஏறியது. வளைவைத் தாண்டிவிட்டோம். நான் வெளியே எட்டிப் பார்த்து "ஆத்தாடி!" என்றேன். அந்த இடத்தில் நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மணி அடிக்கும் முன்னால் பள்ளிக்கூட வாசலில் நின்றோம். நின்றதும் கரோலின் டீச்சர் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். இஞ்சின் நின்றது. கண்ணை மூடினார். ஜெபம்.

இதைச் சொல்ல விட்டுவிட்டேன். வண்டி போய்ச் சேர்ந்ததும் இறங்கும் முன் ஜெபம் பண்ணுவது கரோலின் டீச்சருடைய பழக்கம். பாளையங்கோட்டையில் பழைய மிஷன் குடும்பம் அவர்களுடையது. பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்ததற்கு நன்றி, பிள்ளைகளுக்காக, வராத பிள்ளைகளுக்காக, சத்துணவு அமைப்பாளரின் சர்க்கரை வியாதிக்காக, சில நாள் கல்வி அதிகாரியின் மனம் இளகுவதற்காக. ஜெபத்தின்போது வண்டி உறுமிக்கொண்டு நிற்கக் கூடாது. சாவி அவர் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. இன்பமணியக்கா ஹேண்ட்பிரேக் போடுவதற்குள் அவர் கை போய்விடும். பன்னிரண்டு வருஷப் பழக்கம். நான் டவுணில் சைவக் குடும்பத்துப் பெண், ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, அந்த அமைதி எனக்கும் பிடிக்கும். பயணக் களைப்பு அப்போதுதான் கொஞ்சம் இறங்கும்.

அன்றைக்கு அது இறங்கவில்லை. கண்ணாடியில் இன்பமணியக்காவின் கண்ணைப் பார்த்தேன். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

மறுநாள், "டீச்சர், மகாராஜன் வண்டியைக் கொஞ்ச நேரம்..." என்று ஆரம்பித்தேன். "ஜெபத்துக்கு அப்புறம் பேசலாம் விஜயஸ்ரீ," என்றார் கரோலின் டீச்சர், கண்ணை மூடியபடியே. சாவி ஏற்கெனவே திரும்பியிருந்தது. சாயங்காலம் இன்பமணியக்கா என்னைத் தனியாகப் பிடித்தாள். "சொல்லாதிய டீச்சர். நான் பாத்துக்கிடுதேன்."

அவளும் தன்னால் ஆனதைச் செய்தாள். வளைவு முடிந்ததும் வேகத்தைக் குறைத்து ஓட்டினாள். மூச்சுவிடாமல் ஏறின வண்டி கடைசி ஏற்றத்தில் ஊர்ந்தது. ஆனால் பள்ளிக்கூடம் இருப்பதே கடைசி ஏற்றத்தின் உச்சியில்தான். அங்கே ஊர்ந்தாலும் சூடுதான். சாயங்காலம் தனியாக ஏறி வரும்போது வாசலில் நின்று ஓடவிடுவாள். காலையில்தான் வழியில்லை. விசில் சத்தம் பைய மாறியது. முதலில் சீட்டி, பிறகு கீச்சு, பிறகு அழுகை.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை இறக்கத்தில் நீலப் புகை. அம்பை வந்து சேர்ந்ததே பெரிது. ஜாஸ்பர் சாரும் கரோலின் டீச்சரும் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். போகும்போது கரோலின் டீச்சர் சொன்னார், குரலை உயர்த்தாமல்: "இன்பமணி, இன்னும் ஒரு தடவை நின்னுதுன்னா நான் ஜீப்புக்காரருக்குச் சொல்லிருவேன். அதுக்கு மேல என்கிட்ட கேக்காத."

"ஆகட்டும்."

நான் மகாராஜனின் பட்டறைக்குக் கூடவே போனேன். அவன் நத்தையைக் கழற்றிப் பிரித்தான். நடுத் தண்டு கரேலென்று இருந்தது. பால் பொங்கி அடிப்பிடித்த சட்டி மாதிரி எண்ணெய் காய்ந்து ஒட்டியிருந்தது. அவன் அதை நகத்தால் சுரண்டிக் காட்டினான்.

"மேல போனதும் உடனே அணைச்சியா?"

"ஆமா."

"நான் சொன்னேனா இல்லையா? சொன்னேனா இல்லையாக்கா? யாரு அணைச்சா?"

"நாந்தான். மறந்துட்டேன்," என்றாள்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "நீங்க அணைக்கலையே! எதுக்கு உங்க மேல போட்டுக்கிடுதிய? வாயில்லாப் பூச்சியா நீங்க? நான் திங்கக்கிழமையே கரோலின் டீச்சர்ட்ட சொல்லுதேன்."

அவள் சுவரோரம் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள். "என்னன்னு சொல்லுவிய? ஜெபத்தால வண்டி கெட்டுப்போச்சுன்னா? நான் சொன்னா சபையில என்ன பேச்சு வரும்? இன்பமணி ஜெபம் வேண்டாங்கான்னு வரும். நீங்க சொன்னா அதுக்கு மேல. சைவப் பிள்ளை ஜெபத்தை நிறுத்தச் சொல்லுதுன்னு வரும். அந்த மிஷன் பள்ளிக்கூடத்துல நீங்க வேலை பாக்காண்டாமா? பெரிய டீச்சர் நல்லவிய. இவுரு படுத்தப்போ, பொம்பளை ஓட்டுத வண்டியில மலையேற ஒருத்தரும் சம்மதிக்கல. அவியதான் முதல்ல ஏறி முன் சீட்டுல உக்காந்தாவ. அவிய கையை நான் எப்படித் தட்டிவிட?"

என்னிடம் கோபம் மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பஸ்ஸில் ஏறி அழுதேன். களைப்பாகவும் இருந்திருக்கலாம்.

மறுநாள் திரும்ப மேலப்பாளையம். திரும்ப நத்தை டிரம். இந்த முறை முழு நத்தை வேண்டாம், ஓடு இரண்டும் நன்றாக இருக்கின்றன, நடு உடம்பு மட்டும் அதே எண்ணில் கிடைத்தால் போதும் என்றிருந்தான் மகாராஜன். நான் சாக்பீஸோடு போனேன். அலிமா பீவி எங்களைப் பார்த்து, "என்னளா, அதுக்குள்ள சாகடிச்சிட்டியளா?" என்றார். மூட்டைகளைப் பிரித்துப் போடச் சொல்லித் தானே முன்னால் உட்கார்ந்து தேடினார். நான் தேய்த்துக்கொண்டே வந்தேன். இன்பமணியக்கா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தேய்த்ததை வாங்கி வாங்கி அடுக்கினாள். வெயில் சாய்கிற நேரத்தில் அதே எண் ஒன்று வெள்ளையாக எழுந்தது. ஓடு நசுங்கிப்போன நத்தை, உள்ளே நல்ல தண்டு. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு சட்டை நுனியால் துடைத்தாள்.

"இதுக்கப்புறம் ஒண்ணு வாங்க எனக்கு ஏலாது டீச்சர்," என்றாள். பணத்தை மட்டும் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகாராஜன் அதை மாட்டிக் கொடுத்தான். திங்கட்கிழமை காலை. வண்டி ஏறியது. ஆத்தாடி வளைவு தாண்டியது. நான் பின் சீட்டில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். நானே எட்டிக் கரோலின் டீச்சரின் கையைப் பிடித்துவிடலாமா, வயிற்றுவலி என்று கத்தி இரண்டு நிமிஷம் ஓட்டிவிடலாமா என்றெல்லாம் யோசித்தேன். பள்ளிக்கூட வாசல் வந்துவிட்டது. கரோலின் டீச்சரின் கை சாவிக்குப் போயிற்று.

சாவியின் மேல் ஏற்கெனவே இன்னொரு கை இருந்தது. கரி படிந்த கை. மூடிப் பிடித்திருந்தது.

"என்ன இன்பமணி?"

"அணைக்காண்டாம் டீச்சர்."

"ஜெபம் பண்ணணும்லா?"

"பண்ணுங்க. வண்டி ஓடட்டும்."

கரோலின் டீச்சர் திரும்பி அவளை முழுசாகப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்தது தெரிந்தது. "இந்தச் சத்தத்துலயா? ஆண்டவர் முன்னால ஒரு மரியாதை வேண்டாமா?"

"ஏறி வந்ததும் படக்குன்னு நிறுத்துனா நத்தை கருகிரும் டீச்சர். போன நத்தை அப்படித்தான் போச்சு."

"ஜெபம் பண்ணுனதாலயா?"

அந்தக் கேள்விதான். அதற்குத்தான் அவளும் பயந்தாள், நானும் பயந்தேன். ஜாஸ்பர் சார்கூடக் கண்ணைத் திறந்துவிட்டார்.

"ஜெபத்தால இல்ல டீச்சர். சாவியால." இன்பமணியக்கா சாவியிலிருந்து கையை எடுக்கவில்லை. "எனக்கு இஞ்சின் ஓடையில மட்டுந்தான் ஜெபம் பண்ணவே நேரம். அணைச்சா அடுத்த சோலி வந்துரும். அடிவாரத்து செக்போஸ்ட்லேருந்து இம்புட்டு தூரமும் நான் அதைத்தான் பண்ணிட்டு வாரேன். ஆத்தாடி வளைவுல வாய்விட்டே பண்ணுவேன், உங்களுக்குக் கேக்காது. ஆண்டவருக்குக் கேக்காமலா தினமும் இங்கன வந்து சேருதோம்?"

இஞ்சின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கரோலின் டீச்சர் சாவியைப் பார்க்கவில்லை, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. கட்டை விரலில் பிளாஸ்திரி. அவர் தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆகட்டும்," என்றார்.

சத்தத்துக்கு மேலே சத்தமாக ஜெபம் பண்ணினார். ஜெபத்தில் பிள்ளைகள் வந்தார்கள், வராத பிள்ளைகள் வந்தார்கள், சர்க்கரை வியாதி வந்தது. பிறகு புதிதாக ஒன்று வந்தது. இந்த வண்டியை ஓட்டுகிற உம்முடைய மகள் இன்பமணிக்காக, படுத்திருக்கிற ஹெப்ரானுக்காக, அவர்கள் பிள்ளைக்காக. இத்தனை வருஷத்தில் அந்தப் பெயர்களை அந்த ஜெபத்தில் நான் கேட்டதில்லை. மகாராஜன் சொன்ன இரண்டு நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது.

"ஆமென்," என்றார். "ஆமென்," என்றார் ஜாஸ்பர் சார். நானும் சொன்னேன். இன்பமணியக்கா சொல்லவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கிடந்தாள்.

"தூங்கிட்டாவ," என்றார் ஜாஸ்பர் சார். தூக்கத்தைப் பற்றி அவர் சொன்னால் சரியாக இருக்கும்.

வண்டியை அணைத்துவிடலாம் என்று நான் பின்னாலிருந்து கையை நீட்டினேன். கரோலின் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு விஜயஸ்ரீ. சத்தம் நின்னா முழிச்சிருவா."

அப்படியே இறங்கினோம். கதவைச் சாத்தாமல் ஒருக்களித்து வைத்தோம். ஜாஸ்பர் சார் ஒரு கல்லைத் தூக்கி வந்து சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். முட்டையும் அரிசியும் டிக்கியிலேயே இருந்தன. கரோலின் டீச்சர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறும்போதே ஜீப்புக்காரருக்குப் போன் போட்டார். மலையில் டவர் கிடைக்கவில்லை. "வேண்டாம்னு சாயங்காலம் சொல்லிக்கிடுதேன்," என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

முதல் பாடவேளை ஏழாம் வகுப்புக்குக் கணக்கு. பின்னம். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் இருந்த ஒரு பிள்ளை எழுந்து நின்றாள்.

"டீச்சர், இன்பமணியக்கா வண்டி ஓடிக்கிட்டே இருக்கு."

"ஓடட்டும்ளா," என்றேன். "உக்காரு."